இல்லாத பால் பண்ணை

கண்ணு,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. ரோட்டோரத்துத் தபால் பெட்டி அருகே பிக்கப் வண்டியை நிறுத்தி, இறங்காமலே கையை நீட்டி எடுத்தேன். நல்ல கனமான அட்டை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாய். யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் செய்திருப்பாய் என்றாலும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. உன் பெயர், நித்யாவின் பெயர், நியூ ஜெர்சியில் கல்யாணம் நடக்கும் மண்டபத்தின் பெயர் எல்லாம் அழகாக இருந்தன. உன் பெயருக்குக் கீழே என் பெயர். அதற்குப் பக்கத்தில் 'ரிடையர்டு இன்ஜினியர், ஹூஸ்டன்' என்று போட்டிருந்தது. எஞ்சினைக்கூட அணைக்காமல் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இன்ஜினியராக இருந்தது ஆறு வருஷம். மாட்டுக்காரனாக இருப்பது நாற்பத்து மூன்று வருஷம். ஹூஸ்டன் இங்கிருந்து இரண்டரை மணி நேரம். வண்டிச் சத்தம் கேட்டுத் தீவனம் வருகிறது என்று நினைத்த மாடுகள் வேலியோரம் வரிசையாக வந்து நின்றுவிட்டன.

போன மாதமே போனில் சொன்னாய். "அப்பா, தே ஆர் எ பியூர் வெஜிடேரியன் ஃபேமிலி. நாட் ஈவன் எக்ஸ் இன் த ஹவுஸ். ஸோ ஐ ஜஸ்ட் செட் இன்ஜினியர். இட்ஸ் நாட் எ லை, டெக்னிக்கலி." நானும் "சரி கண்ணு, உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே போட்டுக்க" என்றேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. வந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். இந்த வித்தையை உனக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரே நான்தான். அப்புறம் எந்த முகத்தோடு கோபப்படுவது? நேற்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். இது உன் அம்மா பிடிவாதமாக உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த எழுத்து. மெதுவாகப் படி. புரியாவிட்டால் நித்யாவிடம் கேட்காதே. முதலில் நீ மட்டும் படி.

நான் மாட்டுக்காரன் ஆன கதை உனக்கு அரைகுறையாகத் தெரியும். ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய் விலை விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மேஜையில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொள்ள ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு வடக்கே மனசு போன போக்கில் போனேன். வழியில் ஒரு மாட்டு ஏலக் கொட்டகை. சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வளையத்துக்குள் திமில் வைத்த ஒரு வெள்ளைப் பசு, தலையைத் தூக்கிக்கொண்டு, ஏலக்காரனை மதிக்காமல் நின்றது. காங்கேயத்துப் பக்கம் பிறந்தவனை வீழ்த்த அதற்கு மேல் என்ன வேண்டும்? பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்து, "வாங்கப் போறியா, இல்ல பாத்துக்கிட்டே நிக்கப் போறியா?" என்று அவன் இங்கிலீஷில் கேட்டான். அவன்தான் டேல். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. அவன் வேலிக்கு அடுத்த நிலத்தைத்தான் அந்த வருஷம் நான் வாங்கினேன்.

மரமே இல்லாத புல்வெளி. மழை பெய்தால் பூட்ஸைக் காலிலிருந்து பிடுங்கிக்கொள்கிற கறுப்பு மண், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். முதல் வருஷம் பிப்ரவரியில் கன்று ஈனத் தெரியாத கிடேரி ஒன்று இரண்டு நாள் கஷ்டப்பட்டு என் கண்ணெதிரே செத்தது. அடுத்த வருஷம் நானே கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டியெல்லாம் கல்லாக உறைந்து, ஐந்து நாள் காலையும் மாலையும் கோடாலியால் உடைத்தேன். மழையே இல்லாத இரண்டு கோடையில் புல் சாம்பலாகிப் பாதி மந்தையை விற்றேன். மீதியை மறுபடி பெருக்க ஒன்பது வருஷம் ஆனது. பெருமைக்குச் சொல்லவில்லை. என் வாழ்க்கை எங்கே போனது என்று உன் பத்திரிகையில் யாராவது தேடினால் கிடைக்காது, அதனால் சொல்கிறேன்.

பொய் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. 'மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன்' என்று ஊருக்கு எழுதினேன். 'எத்தனை லிட்டர் கறக்குது?' என்று உன் பாட்டி திருப்பி எழுதிக் கேட்டாள். இது கறக்கிற மாடு இல்லை, கறிக்கு வளர்க்கிற மாடு என்று எப்படி எழுதுவது? ஏதோ ஒரு கணக்கை எழுதிப் போட்டேன். இத்தனைக்கும் எங்கள் வீட்டு எருதுக்கு வயசானால் தரகர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். அது கேரளா லாரி ஏறும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். "கை மாத்தி விட்டாச்சு" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். செய்வதைச் செய்துகொண்டே அதன் பெயரைச் சொல்லாமல் இருக்கப் பழகியவர்கள் நாங்கள். நான் அந்தப் பழக்கத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தேன்.

ஹூஸ்டன் தமிழர்களிடமும் பால் பண்ணை என்றுதான் சொன்னேன். ஒரு வருஷம் கோயிலில் அபிஷேகத்துக்கு, "உங்க வீட்டுப் பசும்பால் கொண்டு வாங்க" என்று உன் அம்மாவிடம் கேட்டுவிட்டார்கள். அவள் வழியில் கடையில் ஆறு கேலன் பால் வாங்கி, பெட்ரோல் பங்க்கின் பின்பக்கம் காரை நிறுத்தி, எவர்சில்வர் தூக்குகளில் ஊற்றினாள். காலி பிளாஸ்டிக் கேன்களை நான் குப்பையில் போட்டேன். அன்றைக்கு ஒரு பெரியவர் அபிஷேகப் பாலை வாயில் விட்டுக்கொண்டு, "வீட்டுப் பாலுன்னா வீட்டுப் பாலுதான், அந்த ருசியே தனி" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மாட்டை நினைத்து நான் வெட்கப்பட்டதில்லை. உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டில் டிரெய்லர் நாள் என்று ஒன்று உண்டு. பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லரில் கன்றுகளை ஏற்றிக்கொண்டு நான் ஏலத்துக்குப் போய் காலி வண்டியோடு திரும்பும் வரை உன் அம்மா அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். யாரும் சொல்லி ஏற்படுத்திய வழக்கமில்லை. முதல் தடவை அவளுக்குச் சமைக்க மனசு வரவில்லை, பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தாய்ப்பசுக்கள் வேலியோரம் நின்று கத்தும். வந்ததும் குளித்துவிட்டு மூன்று பேரும் பேசாமல் சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டில் பொய் இல்லை. அந்தப் பண்ணையில் நாங்கள் செய்ததிலேயே நேர்மையான காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதைத்தான் நீ மேடையில் சொன்னாய். உனக்குப் பத்து வயசு. ஹூஸ்டனில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் பொங்கல் விழா. தமிழ் வகுப்புப் பிள்ளைகள் 'எங்கள் வீடு' என்று இரண்டு நிமிஷம் பேசினார்கள். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எங்க வீட்ல நூத்தி இருபது மாடு இருக்கு. எல்லாத்துக்கும் காதுல நம்பர் இருக்கு. கன்னுக்குட்டி பெருசானதும் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போவோம். அப்புறம் அதை பீஃப் ஆக்குவாங்க. அன்னிக்கு அம்மா சமைக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு எங்களைத் தேடிப் பார்த்துச் சிரித்தாய். முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "என்னங்க, பையன் என்னமோ சொல்றான்?" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "டிவியப் பாத்துட்டு உளர்றானுங்க" என்றேன்.

பிறகு நடந்ததை நீ ஒருநாளும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. கார் நிறுத்தும் இடத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கன்னத்தில் அறைந்தேன். அது மட்டும் என்றால்கூட இத்தனை வருஷத்தில் ஆறியிருக்கும். கண்ணைத் துடைத்துவிட்டு, திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு வந்து மேடையில் ஏற்றினேன். நான் சொல்லிக் கொடுத்ததை நீ சொன்னாய்: "நான் சொன்னது பொய். எங்க வீட்ல பால் பண்ணை இருக்கு. எல்லாரும் மன்னிச்சுக்கங்க." ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. அவ்வளவு சுத்தமான தமிழை அதற்கு முன்னால் நீ பேசி நான் கேட்டதே இல்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். அன்று இரண்டரை மணி நேரம் ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். வீட்டு கேட்டைத் திறக்க இறங்கச் சொன்னபோது "ஓகே" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்குத் தமிழில் பதில் சொன்னதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான், அந்த வயசில் மாறிவிடும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது எந்த நாள் என்று தெரியும்.

உன்னிடமிருந்து நான் எடுத்தது ஒன்று. உன் அம்மாவிடமிருந்து எடுத்தது வேறு. கோயிலில் யாரைப் பார்த்தாலும், "அக்கா, உங்க பண்ணைக்கு ஒரு நாள் வரணும், குழந்தைங்களுக்குக் காட்டணும்" என்பார்கள். வந்தால் பால் கறக்கும் கொட்டகை எங்கே என்று கேட்பார்களே. "இப்பக் கன்னு போடற சமயமுங்க, அப்புறம் வாங்க" என்பாள். வருஷம் முழுவதும் நம் பண்ணையில் மாடுகள் கன்று போட்டுக்கொண்டே இருந்தன! முப்பத்தொன்பது வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தாள். ஒரு தமிழ்க் குடும்பம் வந்து அவள் கையால் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. ஒரு தடவை டேல் என்னிடம், "உன் ஆளுங்க யாரும் இந்தப் பக்கமே வர்றதில்லையே, ஏன்?" என்று கேட்டான். தூரம் என்றேன். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்கிறேன் என்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். நீ நியூ ஜெர்சியில் பார்சிப்பனி ஆபீஸிலிருந்து பிளைட் பிடித்து வந்துகொண்டிருந்தாய். "ஏனுங்க, ஒரு தடவையாச்சும் நம்ம வீட்டுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்கலாமுங்க" என்றாள். "நீ எந்திரிச்சு வா, கூப்பிட்டுரலாம்" என்றேன். "யாரைக் கூப்பிடறதுங்க? எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்து, ஒரு பேரும் வராமல் கேட்டாள். அதைக் கேட்ட பிறகும் நான் திருந்தவில்லை, கண்ணு. அவள் காரியத்தை ஹூஸ்டனில்தான் வைத்தேன். எல்லோருக்கும் வந்துபோக வசதி என்று உன்னிடம் சொன்னேன். அது காரணமில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் பண்ணைக்கு வந்துவிடக் கூடாது, அதுதான் காரணம். அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து அவளை வழியனுப்பக்கூட நான் விடவில்லை.

அங்கே வைத்துத்தான் சுமதி என்னிடம் பேசினாள். உன் அம்மாவோடு கோயில் சமையலறையில் கூடமாட வேலை செய்தவள், உனக்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்க பண்ணை என்ன பண்ணைன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். அன்னிக்கு மேடையில உங்க பையன் சொன்னானே, அப்பவே. கொஞ்ச நாள் சிலபேர் வாய்க்கு வந்ததைப் பேசுனாங்க. அப்புறம் அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அக்காவா வாயைத் திறந்து சொல்லட்டும்னு இருந்தோம். சொல்லவே இல்ல. நாங்களும் கேக்கல" என்றாள். இருபத்திரண்டு வருஷம். யாரும் நம்பாத ஒரு பொய்யைக் காப்பாற்ற உன் அம்மா அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்திவைத்தாள். அவர்களும் மரியாதைக்கு நின்றுகொண்டார்கள். இதை உன்னிடம் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். பத்திரிகை கிடைத்ததா என்று கேட்க நித்யாவின் அம்மா வெஸ்ட் வின்ட்சரிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனுஷி, அன்பாகப் பேசினார். "நீங்க எந்த லைன்ல இருந்தீங்க சம்பந்தி?" என்றார். "பைப்லைன் டிசைனுங்க, முப்பது வருஷம்" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை, கண்ணு. எழுபத்தாறு வயசில் அவ்வளவு சரளமாக வந்தது. "கல்யாணம் முடிஞ்சதும் நாங்க எல்லாரும் ஹூஸ்டன் வந்து உங்க வீட்டைப் பார்க்கணும்" என்றார். "வீட்டுல ரெனோவேஷன் நடக்குதுங்க, முடியட்டும், அப்புறம் வாங்க" என்றேன். பின்னாலிருந்து நித்யா போனை வாங்கி, "மாமா, ரெனோவேஷன் நடந்தா என்ன? நான் வருவேன். எனக்கு ஒரு பாய் போதும்" என்று சிரித்தாள். போனை வைத்தேன். உன் அம்மா இருந்த இடத்தில் அடுத்து யார் நிற்கப் போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொய்யை நாம் சொல்லிவிடுகிறோம், அவ்வளவுதான். தினமும் அதற்குத் தண்ணீர் காட்டுகிற வேலை பெண்டாட்டிக்கு வந்து சேர்கிறது. அவள் அப்பா அம்மா வருகிறோம் என்றால் அவள்தான் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவளுடைய பிள்ளை தாத்தா வீட்டில் மாடு பார்த்தேன் என்று சொன்னால் அவள்தான் அதன் வாயை மூட வேண்டும். உனக்கு அது தெரியவே தெரியாது. எனக்குத் தெரியவில்லையே! நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆகையால் இது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தாலி கட்டுவதற்கு முன் நித்யாவிடம் சொல்லிவிடு. சொன்னால் அந்த வீட்டில் சங்கடம் வரும். கல்யாணமே தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். அந்தப் பெண்ணின் மேல் நீ உயிரையே வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்று காலையில் நானே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நம்பரை அழுத்தினேன். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டேன். ஒரு தடவை உன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கி, அந்த இடத்தில் என் வார்த்தையை வைத்தேன். இப்போது உண்மை பேசுகிறேன் என்ற பெயரில் மறுபடியும் உனக்குப் பதில் நானே பேசினால் அதுவும் அதே அநியாயம்தான். அன்றைக்கு நீ பொய் சொல்லவில்லை, கண்ணு. பொய் சொன்னவன் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தான். மன்னிப்பு அவன் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறான்.

நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் கல்யாணத்துக்கு வருவேன். டேலைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கோட்டு வாங்கிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டால் இன்ஜினியர் மாதிரிதான் இருக்கிறேன். கையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலது கைக் கட்டைவிரலில் பாதி இல்லை. டிரெய்லர் கதவில் நசுங்கிப் போனது. வரைபடம் போடுகிறவனுக்கு அப்படி ஆகாது. மண்டபத்து வாசலில் நித்யாவின் அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்குவார், குனிந்து பார்ப்பார், என்னங்க ஆச்சு என்று கேட்பார். நான் வாய் திறக்க மாட்டேன். உன் பக்கம் திரும்புவேன். நீ என்ன சொல்கிறாயோ, நானும் அதையே சொல்கிறேன்.

அப்பா